பதினாறு அமத்தல்

ஜீவராணியின் குடும்பம் இத்தாலிக்குப் புறப்பட்ட மத்தியானம், கீழே வேன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்கையில், அவளுடைய மகள் டிலக்சி மட்டும் திரும்பவும் படியேறி வந்தாள்.

"மாமா, ரிமோட்டக் குடுங்க."

அழகர் கொடுத்தார். மருந்துக்கடைப் பிளாஸ்டரை அவள் துண்டு துண்டாகக் கிழிப்பது கேட்டது. ரிமோட்டில் இருந்த பட்டன்களையெல்லாம் மூடி ஒட்டிவிட்டு மூன்றை மட்டும் விட்டாள். பிறகு மாமாவின் பெருவிரலைப் பிடித்து ஒவ்வொன்றின் மேலும் வைத்துக் காட்டினாள்.

"இது ஓன் ஓஃப். இது சத்தம் கூட்ட. இது குறைக்க. தமிழ்ச் சனல்ல வச்சிருக்கேன், அப்படியே கிடக்கும். வேற எதையும் தொடாதீங்க."

"சரி, நீ எறங்கு. பிளேனுக்கு நேரமாச்சு."

வேன் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. கொட்டாஞ்சேனைத் தெருவின் இரைச்சலில் அந்த வேனின் சத்தத்தை எவ்வளவு தூரம் பிரித்துக் கேட்க முடியுமோ அவ்வளவு தூரம் கேட்டுவிட்டு, அழகர் உள்ளே வந்து டிவியைப் போட்டார்.

அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, ஏழு வயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை விடுதியொன்றில் சேர்க்கப்பட்டு, படிப்பு முடிந்ததும் கொழும்பிலேயே தங்கிவிட்டவர். கொள்ளுப்பிட்டியில் ஒரு தேயிலைக் கொம்பனியில் இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்தார். ஒஃபிஸில் இருந்த அத்தனை பேரின் நம்பரும் அவருக்கு மனப்பாடம். யாருடைய இருமல் யாருடையது என்பதும் தெரியும். பிறகு ஒரு வருஷம், "விற்பனைப் பிரிவுக்கு ஒன்றை அமத்தவும்" என்று சொல்லும் மிசின் வந்தது. கேக் வெட்டி, பேசி, ஒரு சுவர் மணிக்கூட்டைப் பரிசாகக் கொடுத்து அவரை அனுப்பி வைத்தார்கள். கல்யாணம் என்று ஒன்று நடக்கவில்லை. ஒருமுறை பேச்சு வந்து, பெண் வீட்டார் வந்து பார்த்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனதோடு சரி. தங்கச்சி ஜீவராணி வீட்டு முன்னறையில் குடியேறினார். காலையில் மருதானையில் ஒரு பல் டொக்டரின் கிளினிக்கில் போன் எடுக்கும் வேலை கிடைத்தது. பன்னிரண்டரைக்கு வீடு திரும்பினால் மிச்சப் பொழுது முழுவதும் அவருடையது.

தங்கச்சி குடும்பம் இருந்தவரை அந்தப் பொழுது கனத்ததே இல்லை. டிலக்சி பாட்டு வைப்பாள், ஜீவராணி நாடகம் பார்ப்பாள், மச்சான் கிரிக்கெட்டுக்கு மாற்றச் சொல்லிச் சண்டை பிடிப்பார். அழகர் கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்பார். நாடகத்தில் யாரும் பேசாமல் வெறும் மியூசிக் ஓடினால், "இப்ப என்ன நடக்குது?" என்று கேட்பார். "அவ அழுவுறா" என்று தங்கச்சி சொல்வாள். அது போதும்.

பிளாஸ்டர் ஒட்டிய ரிமோட் இரண்டு வாரம் ஒழுங்காக வேலை செய்தது. மூன்றாவது வாரம் ஒரு பின்னேரம் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது தமிழ்ச் சனல் இல்லை. டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்த, சனல்களைக் கொண்டுவரும் பொக்ஸ், அதைத் தந்த கொம்பனியின் சொந்த விளம்பரம் ஓடும் இடத்தில் போய் நின்றுகொண்டது. சிங்களத்தில் ஒரு பெண் "ஆயுபோவன்" என்று தொடங்கி, புதிய பக்கேஜ் பற்றி ஒரு நிமிஷம் பேசுவாள், கொஞ்சம் மியூசிக், மறுபடியும் "ஆயுபோவன்." வேறொன்றும் இல்லை.

முதல் நாள் ஓஃப் பண்ணிவிட்டு இருந்தார். இரண்டாம் நாள் வீடு அப்படியொரு அமைதியாக இருந்ததால், அந்தப் பெண்ணே பேசட்டும் என்று போட்டு விட்டார். ஐந்தாம் நாள் சோறு வடிக்கும்போது அவளோடு சேர்ந்து தானும் அந்தப் பக்கேஜைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்து, கொம்பனிக்குப் போன் எடுத்தார்.

தமிழுக்கு மூன்றை அமத்தி, பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்த பிறகு ஒரு பிள்ளை வந்தாள்.

"சொல்லுங்க சேர், இப்ப ஸ்கிரீன்ல என்ன தெரியுது?"

"எனக்குக் கண் தெரியாதும்மா."

"ஓகே சேர். ஸ்கிரீன்ல இடது பக்கம் மேல ஒரு வீடு மாதிரிப் படம் இருக்கும். அது மஞ்சள் கலர்ல இருக்கா, வெள்ளையா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"அம்மா, எனக்குப் பார்வை இல்ல. எத்தனை தரம் எந்தப் பட்டன அமத்தணும்னு சொன்னீங்கன்னா போதும், நான் அமத்திடுவேன்."

பக்கத்து மேசைகளில் வேறு பிள்ளைகள் அதே கேள்விகளைக் கேட்பது அழகருக்குக் கேட்டது. ஒரு அழைப்புக்கு இத்தனை நிமிஷம் என்று அவளுக்கு மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்பதும் அவருக்குத் தெரியும்.

"எங்களுக்கு அப்பிடி எழுதித் தரல்ல சேர். வீட்டுல வேற யாரும் இருக்காங்களா?"

"இல்லம்மா."

"அப்ப யாராவது வந்தாப் பிறகு எடுங்க சேர். வேற ஏதும் உதவி வேணுமா?"

"இல்லம்மா. நன்றி" என்று வைத்தார்.

கீழ் வீட்டு பீபியைக் கூப்பிட்டார். அப்பம் சுட்டு விற்கிற பெண், எப்போதும் அவசரம். மாவுக் கையோடு வாசலில் நின்று பார்த்துச் சொன்னாள்: "அழகரண்ணன், இங்கிலீஷ்ல என்னமோ எழுதீக்கி. எனக்கு வாசிக்கத் தெரியா. பச்சக் கலர்ல ஒரு கோடு ஓடுது."

"மேலயா கீழயா?"

"கீழ. கோடு போயிட்டு. அடுப்புல சட்டி ஈக்கி, நான் வாறன்."

அவருடைய போனில், கமராவைக் காட்டினால் எழுத்தை வாசித்துச் சொல்லும் வசதி ஒன்று இருந்தது. போன் தமிழும் வாசிக்கும், இங்கிலீஷும் வாசிக்கும். அதைத் திரைக்கு நேரே பிடித்தார். நெருங்கியும் விலகியும் பிடித்துப் பார்த்தார். டிவியின் அடியில் பொறித்திருந்த டிவிக் கொம்பனியின் பெயரை மட்டும் அது திரும்பத் திரும்ப வாசித்தது.

அன்றைக்குத்தான் பிளாஸ்டரை உரித்தார். ஒவ்வொரு துண்டாக உரித்து, மேசை விளிம்பில் ஒட்டிவைத்தார். நாற்பத்திநாலு பட்டன். எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. சின்ன வயதில் பழகிய பிரெய்ல் பலகையையும் ஊசியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பட்டனை அமத்துவார், காது கொடுப்பார், குத்தி எழுதுவார். சனல் மாறினால் அரைச் செக்கன் சத்தம் அறுந்து திரும்பி வரும். மெனு திறந்தால் சத்தம் அறாது, ஆனால் அடுத்த பட்டன் வேலை செய்யாது. அப்படி அப்படியாக, ஒரு மாதத்தில், தமிழ்ச் சனல்கள் நாலுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார். இடையில் ஒரு தடவை எதையோ அமத்திவிட, பீபி வந்து பார்த்து, "இது இங்கிலீஷும் இல்ல, சிங்களமும் இல்ல, அண்ணன். பூச்சி பூச்சியா ஈக்கி" என்றாள். அதை மறுபடி மாற்றப் பத்து நாள் ஆனது.

இந்த விஷயத்தை டெலிபோனில் நண்பர்களிடம் சொல்லியிருந்தார். அது பார்வையற்றோர் சங்கம் வரைக்கும் போயிருக்க வேண்டும். சனல் கொடுக்கும் கொம்பனி ஒன்று புதிய பொக்ஸ் கொண்டுவரப் போகிறது, பார்வையில்லாத ஒருவரின் கருத்துக் கேட்க விரும்புகிறார்கள், போக முடியுமா என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். அழகர் மூன்று கிழமை அதே நினைவாக இருந்தார். மட்டக்களப்பிலும் பதுளையிலும் மன்னாரிலும் இருந்த பழைய பள்ளிக்கூடக் கூட்டாளிகளுக்கெல்லாம் போன் எடுத்து அவரவர் முறைப்பாட்டைக் கேட்டுக் குத்தினார். பத்தொன்பது விஷயம் சேர்ந்தது. வெள்ளைச் சேர்ட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் கொம்பனித்தெருவுக்குப் போனார்.

புதிதாக எழும்பிய கட்டடம். பதினேழாம் மாடி. குளிர் ஏறிய அறையில் றொஹான் என்கிற மனேஜர் கை குலுக்கினார். "வெல்கம், மிஸ்டர் அலகர்" என்றார். இங்கிலீஷும் சிங்களமுமாகப் பேசினார். தேவைப்பட்ட இடத்தில் திலக்ஷன் என்றொரு இளைஞன் தமிழில் சொன்னான். அழகர் பிரெய்ல் தாளை மடியில் வைத்து விரலால் வாசித்துக்கொண்டே போனார். பட்டன்களுக்கு வேறு வேறு வடிவம் வேண்டும். மெனுவின் கடைசிக்கு வந்தால் ஒரு சத்தம் வேண்டும். முக்கியமாக, பொக்ஸ் பேச வேண்டும். என் போன் பேசுகிறதே, இதற்கு என்ன?

"எக்ஸலண்ட், எக்ஸலண்ட்" என்றார் றொஹான். ஆறாவது விஷயத்தில் அவருக்குப் போன் வந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது கமராக்காரரும் கூட வந்தார். ரிமோட்டைக் கையில் பிடிக்கச் சொன்னார்கள். "இந்தப் பக்கம் பாருங்க சேர், கொஞ்சம் சிரிங்க." அழகர் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். பத்தொன்பதில் பதின்மூன்று வாசிக்கப்படாமலே மடியில் இருந்தது.

திலக்ஷன்தான் லிஃப்ட் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தான். லிஃப்டுக்குக் காத்திருக்கையில் தயங்கிக் கேட்டான்.

"அங்கிள், கோவிக்காதீங்க. படம் தெரியாது தானே. ரேடியோ இருக்கும்போது டிவி எதுக்கு?"

அழகருக்குக் கோபம் வரவில்லை. நல்லவேளையாக ஒருவனாவது கேட்டான் என்றிருந்தது.

"ரேடியோவுல இப்ப பாட்டும் விளம்பரமும் தான் தம்பி. டிவியில ஆளுங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறாங்க. கதவு தொறக்குது, கோப்பை வைக்கிற சத்தம் கேக்குது. பக்கத்து ரூம்ல ஆளுங்க இருக்கிற மாதிரி இருக்கும்."

வாசிக்கப்படாத மிச்சத்துக்காகத் திலக்ஷன் தாளைக் கேட்டு வாங்கினான். பிரெய்ல் தனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். "போன்ல சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று திருப்பிக் கொடுத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே எடுத்து, பதின்மூன்றையும் எழுதிக்கொண்டான்.

பேப்பரில் படம் வந்ததாகப் பல் டொக்டர் சொன்னார். "நல்லா விழுந்திருக்கு அழகர். ஆனா ரிமோட்டத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க." அப்படிப் பிடித்திருக்க வழியே இல்லை. கமராக்காரர் வாங்கித் திருப்பிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

பத்து மாதம் கழித்துப் புதிய பொக்ஸ் வந்தது. அவருக்கு ஒன்று இலவசமாக அனுப்பியிருந்தார்கள். பொருத்த வந்தவர் டிவியைப் போட்டு, "படம் சுப்பர் அங்கிள்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ரிமோட் சின்னதாகி இருந்தது. ஐந்தாம் இலக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் தட்டுப்பட்டது. பேச்சு மூச்சு இல்லை. திலக்ஷனின் நம்பருக்கு எடுத்தார். அவன் அந்த வேலையை விட்டு டுபாய் போயிருந்தான்.

"இல்ல அங்கிள், பேசும்" என்றான் அங்கிருந்து. "குரல் போட்டிருக்காங்க. நான் சண்டை பிடிச்சுப் போட வச்சது. ஆனா ஓஃப் பண்ணித்தான் அனுப்புவாங்க. செட்டிங்ஸுக்குள்ள எங்கயோ வச்சாங்க, நான் வெளிய வந்த பிறகு. எந்த இடம்னு தெரியாது."

பேசும் பொக்ஸைப் பேச வைக்க, முதலில் பேசாத மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும். கண் தெரிந்தவர்களுக்கு அரை நிமிஷ வேலை. அழகர் பழையபடி பிரெய்ல் பலகையை எடுத்தார். இந்தத் தடவை பயமும் இருந்தது. தப்பான இடத்தில் ஓகே அமத்தினால் எல்லாம் அழிந்து புதிதாகத் தொடங்க வேண்டிவரும். இரண்டு தரம் அப்படி ஆயிற்று. பீபியைக் கூப்பிட மனம் வரவில்லை. நோன்பு மாதம், அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. பதினோராம் நாள், கிளினிக்கிலிருந்து வந்து சாப்பிடாமலே உட்கார்ந்தார். ஹோம் ஒரு தரம். வலது நாலு. ஓகே. கீழே ஆறு. ஓகே. கீழே இரண்டு. ஓகே.

"வொய்ஸ் கைட், ஓன்" என்றது பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், இங்கிலீஷில்.

அழகர் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டார். தேடி எடுத்துக் கீழே அமத்தினார். "லாங்குவேஜ்." இன்னும் கீழே. "ஸ்பீட்." மேலே போனார். பத்து நாளாகத் தடவித் திரிந்த இருட்டறையில் ஒவ்வொரு சாமானும் தன் பெயரைச் சொல்வதாக இருந்தது. சனல் பட்டியலுக்குப் போனார். தமிழ்ப் பெயர்களை அந்தக் குரல் கடித்துத் துப்பியது, பரவாயில்லை. நூற்றிப் பதினேழு சனல். ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தபோது சோறு ஆறி இரண்டு மணி நேரமாகியிருந்தது.

யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஜீவராணிக்கு எடுத்தார்.

"அண்ணே, வேலையில நிக்கிறேன். ஒண்ணும் அவசரமில்லையே?"

"இல்ல, இல்ல. டிவி பேசுது. அதச் சொல்லத்தான்."

"எந்த டிவி? சரி, நல்லதுண்ணே. ராத்திரிக்கு எடுக்கிறேன்." அன்று அவள் எடுக்கவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, ஒரு நாளில் இரண்டு வீடு துடைக்கிறாள்.

பழைய கூட்டாளிகளுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரு வொய்ஸ் மெசேஜ் பேசினார். ஒப்பரேட்டர் காலத்துக் குரல், நிறுத்தி நிதானமாக. "வணக்கம். கொட்டாஞ்சேனை அழகர் பேசுறேன். ரிமோட்டக் கையில எடுத்துக்குங்க. ஐந்தாம் இலக்கத்துல ஒரு புள்ளி தட்டுப்படும். அதுல இருந்து மேல வாங்க…" பதினாறு அமத்தல், நாலரை நிமிஷம். ஆறு பேருக்கு அனுப்பினார்.

ஆறு பேர் அறுபது பேருக்கு அனுப்பினார்கள் போலிருக்கிறது. தெரியாத நம்பர்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. "கீழே ஆறுன்னு சொன்னீங்களே, எனக்கு ஏழாவதுல வருதே" என்பார்கள். கேட்டுத் திருத்திக் கொடுப்பார். அந்தப் பக்கத்தில் பெட்டி வாய் திறந்து பேசுவது போனுக்குள்ளால் கேட்கும். ஒருவர் சிரிப்பார், ஒருவர் வீட்டாரைக் கூப்பிட்டுக் கத்துவார். பிறகு நன்றி சொல்லி வைப்பார்கள். மறுபடி எடுக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது.

ஐறீன் மட்டும் மறுபடியும் எடுத்தாள். வெள்ளவத்தையில் மகனோடு இருக்கிறவள். அரசாங்கக் கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை போய் இரண்டு வருஷம்தான். அறுபத்திரண்டு வயதில் பழகுவது லேசான காரியமில்லை.

"மிஸ்டர் அழகர், நீங்கள் சொன்ன மாதிரியே செய்தனான். கதைக்குது! ஆனா படபடவெண்டு சொல்லுது. விளங்குதில்லை."

"வேகத்தக் கொறைக்கலாம் மிஸ். அவசரப்படாதீங்க. இப்ப எங்க நிக்கிறீங்க?"

"நான் கதிரையில இருக்கிறன்."

"அதில்ல மிஸ், மெனுவுல."

அவள் சிரித்த சிரிப்பில் அழகருக்கும் சிரிப்பு வந்தது. ஒரு கிழமை முழுக்கப் பாடம் நடந்தது. பாடம் முடிந்த பிறகும் இரண்டு நாளுக்கு ஒரு தரம் எடுத்தாள். இருவரும் ஒரே சனலைப் போட்டு, போனைக் காதில் வைத்தபடி சமையல் நிகழ்ச்சி கேட்பார்கள். மேசையில் போன் கிடக்கும் இடத்தை அழகர் மாற்றாமல் வைத்திருந்தார். பிறகு, என்ன காரணம் என்று தெரியாமல், அழைப்பு நின்றுவிட்டது. பாடம் வந்துவிட்டது, இனி எதற்கு என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் மூன்று கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே எடுத்தார். மகன் பேசினான். "ஓ, நீங்களா அங்கிள் அந்த வொய்ஸ் மெசேஜ்? எங்கட வீட்டையும் ஒருக்கா வாங்கோவன், அம்மா சந்தோசப்படுவா" என்று நல்ல மனதோடு கூப்பிட்டான். அழகர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனார்.

கடற்கரைப் பக்கத்து ஃபிளட். ஜன்னல் வழியாக ரயில் சத்தம் உள்ளே வந்தது. மருமகள் மீன் பட்டிஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் டிவிக்கு முன்னால் கிடந்தார்கள். ஐறீன் ஒரு மூலையில் இருந்து, "வாங்கோ மிஸ்டர் அழகர், பஸ்ஸிலயோ வந்தனீங்கள்?" என்று கேட்டாள். போனில் கேட்ட குரல்தான். ஆனால் அளந்து பேசுகிறாள். சுகம் விசாரித்தார்கள், வெயிலைப் பற்றிப் பேசினார்கள், பிறகு பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று.

டிவியில் கார்ட்டூன் ஓடியது. கிரிக்கெட்டுக்கு மாறியது. மறுபடி கார்ட்டூன். மூன்றாம் தரமும் மாறியபோதுதான் அழகருக்கு விளங்கியது. ஒரு தரமும் குரல் வரவில்லை.

"மிஸ், பொக்ஸ் பேசுறதில்லையா?"

மருமகள்தான் பதில் சொன்னாள். "அது அங்கிள், பிள்ளையளுக்குச் சரியான கரைச்சல். ஒவ்வொரு பட்டனுக்கும் கத்திக்கொண்டு நிக்கும். நாடகம் ஒண்டு நிம்மதியாப் பார்க்கேலாது. அதான் ஓஃப் பண்ணினது. மாமிக்கு என்ன வேணுமெண்டாலும் நாங்கள் போட்டுக் குடுக்கிறம் தானே."

"ஓம், போட்டுத் தருவினம்" என்றாள் ஐறீன்.

"குரலோட சத்தத்த மட்டும் தனியாக் கொறைக்கலாம்" என்றார் அழகர். "சுருக்கமாப் பேசவும் வைக்கலாம். நான் காட்டித் தாறேன்."

"பாப்பம் அங்கிள்" என்றான் மகன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான் என்பது குரலில் தெரிந்தது.

புறப்படும்போது ஐறீன் சுவரைத் தடவிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள்.

"உங்களுக்குச் சொல்ல வெக்கமா இருந்தது. அவ்வளவு நாள் மினக்கெட்டுச் சொல்லித் தந்தனீங்கள்."

"அதுக்கென்ன மிஸ்."

"அவையில பிழையில்லை. ஒரு ஹோல், ஒரு டிவி. நாலு பேருக்குக் கண் தெரியும், ஒராளுக்குத் தெரியாது."

காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அழகருக்கு ஓர் எண்ணம் வந்தது. தன் வீட்டில் அந்தக் குரல் நாள் முழுக்கப் பேசலாம். ஒவ்வொரு பட்டனுக்கும் கத்தலாம். கரைச்சல் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அதை நினைத்து ஆறுதல் அடைவதா வருந்துவதா என்று தெரியாமல், வந்த முதல் பஸ் எங்கே போகிறது என்று கேட்காமலே விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து இன்னொரு வொய்ஸ் மெசேஜ் பேசினார். இதைப் பேசக் கஷ்டமாக இருந்தது. நாலு தரம் அழித்தார். "வணக்கம். இது கண் தெரிஞ்சவங்களுக்கு. உங்க வீட்டுப் பொக்ஸ் பேசினா தயவுசெய்து ஓஃப் பண்ணாதீங்க. கொஞ்ச நாள்ல காது பழகிடும். எங்களுக்கு அது திரை…" என்று தொடங்கி, ஒரு நிமிஷத்தில் முடித்தார். தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினார். பதில்களை அவருடைய போன் ஒவ்வொன்றாக வாசித்தது: "கூப்பிய கைகள். கூப்பிய கைகள். பெருவிரல் உயர்த்திய கை." பதுளைக் கூட்டாளி மட்டும் எடுத்துப் பேசினார். "மகனுக்குப் போட்டுக் காட்டினேன் அழகர். கேட்டான். ஒண்ணும் சொல்லல்ல."

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு பத்துக்கு, போன் அடித்தது.

"மிஸ்டர் அழகர், ஒராளும் வீட்டில இல்லை" என்றாள் ஐறீன், ஏதோ களவு செய்கிறவள் மாதிரித் தாழ்ந்த குரலில். "மருமகளுக்கு வேலை கிடைச்சிட்டுது. பிள்ளையளின்ர ஸ்கூல் வான் நாலு மணிக்குத்தான் வரும். நான் பதினாறையும் எண்ணி எண்ணி அமத்திப் போட்டனான். கேளுங்கோ." போனை டிவிப் பக்கம் நீட்டினாள். குரல் கேட்டது. மெதுவான வேகத்தில், அவர் வைத்துக் கொடுத்தபடி.

"நாலு மணிக்கு?"

"திரும்ப ஓஃப் பண்ணிப்போடுவன். அது பேசுறதாலை ஓஃப் பண்ணுறது லேசு."

அன்றிலிருந்து அழகர் இரண்டு மணிக்குள் சாப்பிட்டுக் கோப்பை கழுவி வைத்துவிடுவார். பாடசாலை நாட்களில், முடிந்தபோதெல்லாம், அவள் எடுப்பாள். இரண்டேகாலுக்குச் சமையல் நிகழ்ச்சி. அதில் வருகிற பெண் சட்டியில் எதையாவது போட்டுவிட்டு, "இப்ப இதச் சேர்த்துக்கலாம்" என்பாள். எதை என்று சொல்ல மாட்டாள், படத்தில்தான் தெரிகிறதே. இவர்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். வெடித்தால் கடுகு. சொய்யென்று நீளமாக இழுத்தால் வெங்காயம். சட்டியில் விழுகிற சத்தத்தில் கறிவேப்பிலைக்கும் ரம்பை இலைக்கும் வித்தியாசம் இல்லை என்பார் அழகர். இருக்குது என்பாள் ஐறீன். மூன்று ஐம்பதுக்கு, "வச்சிடுறன், வான் வரப்போகுது" என்பாள். சில நாள் சொல்லி முடிக்க முன்னமே வைத்துவிடுவாள்.

ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் போகிறது. அழகர் இன்னொரு முறை வெள்ளவத்தைக்குப் போகவில்லை. அவளும் வரச் சொல்லவில்லை. பாடசாலை விடுமுறை என்றால் போன் இல்லை. அது அவருக்குத் தெரியும், காத்திருப்பதில்லை என்றுதான் பல் டொக்டரிடம்கூடச் சொல்வார். போன டிசம்பரில் நத்தாருக்கு ஒரு தரம் எடுத்து வாழ்த்துச் சொன்னாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சலும் பலூன் வெடிப்பும் கேட்டது. ஒரு நிமிஷம்கூட இல்லை, மகன் போனை வாங்கித் தானும் வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டான்.

அதற்கு அடுத்த நாளும் அழகர் இரண்டு மணிக்குள் சாப்பிட்டார். இரண்டேகாலுக்குச் சனலின் பெயரைக் குரல் கடித்துச் சொல்லிற்று. சமையல்காரப் பெண் எண்ணெய் ஊற்றினாள். சூடாகட்டும் என்றாள். பிறகு, "இப்ப இதச் சேர்த்துக்கலாம்" என்றாள். சட்டியில் ஏதோ விழுந்து, சலசலத்து, சட்டென்று அடங்கியது.

"ரம்பை" என்றார் அழகர், சத்தமாக.

பெண் அடுத்ததை எடுக்கப் போய்விட்டாள்.